வடிக்காத கீரை

“கடைசியா என்ன சாப்பிட்டார்?” என்று டாக்டரம்மா மறுபடியும் கேட்டபோது நான் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்விட்டேன். காலையில் தக்காளிச் செடியில் பக்கக் கிளைகளைக் கிள்ளியிருந்தேன். அந்தப் பச்சை விரலில் ஒட்டினால் சோப்புக்கும் போகாது, வாடையும் போகாது. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அப்பாவின் நெஞ்சில் ஒயர்களை ஒட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு நர்ஸ் ஊசி மருந்தை மெதுவாக, ரொம்ப மெதுவாக ஏற்றிக்கொண்டே திரையைப் பார்த்தாள். திரையில் கோடு குத்துக்குத்தாக வராமல் சின்னக் குழந்தை கிறுக்கின மலை மாதிரி அகல அகலமாக வந்தது. எனக்கு அதைப் படிக்கத் தெரியாது. டாக்டரம்மா அதைப் பார்த்த முகத்தைப் படிக்கத் தெரிந்தது.

அம்மாதான் பதில் சொன்னாள். பிஸ்கட் கம்பெனியில் பேக்கிங் வேலையிலிருந்து அப்படியே ஓடி வந்திருந்தாள். தலையில் வலைத் தொப்பியைக் கழற்றவில்லை. அவள் மேலிருந்து அடித்த சர்க்கரை வாசனை அந்த இடத்துக்குக் கொஞ்சமும் சேரவில்லை. நேற்று காலை என்ன, மதியம் என்ன, ராத்திரி என்ன என்று ஒப்பிப்பது மாதிரி சொல்லிக்கொண்டே வந்தாள். மதியம் சோறும் சுரைக்காயும், சுரைக்காயை இரண்டு தடவை வேகவைத்துத் தண்ணீரை வடித்தது, உப்பில்லாதது. சொல்லிக்கொண்டே வந்தவள் ராத்திரி வந்ததும் நின்றுவிட்டாள்.

“ஆரஞ்சு கேட்டார். ஆசையாக் கேட்டார்ங்க. மூணு சுளை. நான்தான் குடுத்தேன்.”

மூன்று சுளையில் பொட்டாசியம் இவ்வளவு ஏறாதே என்று டாக்டரம்மா சொன்னார். வேறு ஏதாவது, கீரை, தக்காளி, பழரசம், யோசித்துச் சொல்லுங்கள் என்றார். கீரை எப்போதாவதுதான், அதுவும் தானே வடித்து ஒரே ஒரு கரண்டி என்றாள் அம்மா. அதன் பிறகு டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அம்மா சொன்ன அந்தச் சுரைக்காய் அப்பா வயிற்றுக்குள் போகவே இல்லை. எங்கள் மாடியில், கத்தரிச் செடிக்குப் பக்கத்தில், மண்ணுக்குள் இருந்தது. நான்தான் புதைத்தேன்.

இதை யாரிடமும் சொல்லவில்லை. இப்போதும் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. அதனால் கேன்களிலிருந்து ஆரம்பிக்கிறேன், அங்கிருந்து வந்தால்தான் நான் என்ன செய்தேன் என்று எனக்கே புரியும்.

அப்பா ஒரு தொழிற்சாலை கேன்டீனில் சமையல் மாஸ்டர். மாஸ்டராக இருந்தவர். அண்டாவைத் தனியாளாக இறக்குவார், ஆவியை முகர்ந்தே உப்பு குறைகிறது என்பார். கிட்னி போன பிறகு வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக இடது கையில் ரத்தக்குழாயைச் சேர்த்துத் தைத்திருக்கிறார்கள், அந்தக் கையால் கனமான எதையும் தூக்கக்கூடாது. அங்கே காதை வைத்தால் உள்ளே ஒரு தேனீப் பெட்டி மாதிரி உறுமும். டயாலிசிஸ் மெஷினுக்கு ஊற்றுகிற திரவம் பெரிய வெள்ளை பிளாஸ்டிக் கேன்களில் வரும். காலியானதும் அதை மூலையில் அடுக்கி வைத்திருப்பார்கள். நோயாளிகளின் வீட்டுக்காரர்கள் தண்ணீர் பிடிக்கவும் துணி ஊறவைக்கவும் ஆளுக்கு ஒன்றிரண்டு எடுத்துப் போவார்கள். அப்பா படுத்திருக்கிற நான்கு மணி நேரமும் அந்த மூலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த எனக்கு, இதில் செடி வைத்தால் என்ன என்று தோன்றியது. டெக்னீசியன் அண்ணனிடம் கேட்டேன். தாராளமா எடுத்துக்கோ, ஆனால் உள்ளே உப்பு இருக்கும், நல்லா அலசிக்கோ என்றார்.

நான் அலசியது போதவில்லை. முதல் தடவை விதைத்த கீரை நூல் மாதிரி எழும்பி, இரண்டு இலை விட்டு, நுனி கருகிச் செத்துப்போனது. மண்ணுக்கு மேல் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. மண்ணை எல்லாம் கொட்டி, கேன்களை வெயிலில் காயவைத்து, திரும்பத் திரும்பத் தண்ணீர் விட்டு அலசினேன். ஓட்டை போடத் தெரியாததால் இரண்டு கேன்களில் மண் சேறாகி வேர் அழுகியது. அதன் பிறகு ஆணியைக் காய்ச்சிக் குறடால் பிடித்து அடியில் ஓட்டை போட்டேன். பிளாஸ்டிக் தீய்கிற நாற்றம் வீடு முழுக்க. அப்பா மாடிக்குத் திறக்கிற எங்கள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீரை ஊற்றினேன். ஓட்டை வழியாக அது பழுப்பாக ஒழுகி மாடிச் சரிவில் ஓடியது. அப்பா அதையே பார்த்தார்.

“ஆபீசர்,” என்றார். செடி வைக்க ஆரம்பித்ததிலிருந்து எனக்கு அவர் வைத்த பெயர் அது, விவசாய ஆபீசர். “டாக்டர் கிட்ட போனதுக்கு உன் கிட்ட வந்திருக்கலாம் போல. எனக்கும் அடியில ஒரு ஓட்டை போட்டு விட்டிருந்தா சோலி முடிஞ்சுதே.”

சிரித்தேன். அவரும் சிரித்தார். ஒரு நாளைக்கு ஒரு சின்ன பாட்டில் தண்ணீர்தான் அவருக்கு, மாத்திரை முழுங்குவதும் அதற்குள்தான். நாக்கு வறண்டால் ஐஸ் துண்டை வாயில் ஒதுக்கிக்கொள்வார். அதன் பிறகு அவர் கண்ணெதிரே செடிக்குத் தண்ணீர் ஊற்ற எனக்குக் கூச்சமாக இருந்தது. அவர் மதியம் கண்ணயர்ந்த பிறகுதான் மக்கை எடுப்பேன்.

செடி வளர்க்கிற விஷயத்தில் அவருக்கும் ஒன்றும் தெரியாது. எனக்கு வெந்த காயைத்தான் தெரியும், பச்சைக் காயை மூட்டையில்தான் பார்த்திருக்கிறேன் என்பார். ஆனாலும் யோசனை சொல்லாமல் இருக்க முடியாது அவரால். விதை பாக்கெட்டை மொத்தமாக ஒரே கேனில் கொட்டினேன். கூட்டமாக முளைத்ததில் எதுவும் தேறாது, பாதியைப் பிடுங்கணும் என்று தெரிந்தும் எனக்கு மனசு வரவில்லை. அப்பாதான் நாற்காலியோடு நகர்ந்து வந்து, நல்ல கையால் ஒவ்வொன்றாகக் கிள்ளினார். “நெரிசல்ல நின்னா எதுவும் ருசிக்காது, பாப்பா,” என்றார். தக்காளி ஒரு கேனில் மூன்று வைத்து, மூன்றும் குச்சியாகப் போய், இரண்டைத் தூக்கி எறிந்தேன். மிளகாய் இலை சுருண்டது. கத்தரியில் மாவுப்பூச்சி வந்து பஞ்சு மாதிரி அப்பிக்கொண்டது, பழைய பல்துலக்கியால் சோப்புத் தண்ணீர் தொட்டுத் துடைத்தேன். கடையில் பூச்சிமருந்து வாங்கி அடி என்று கீழ் வீட்டுத் தையல்காரர் சொன்னார். மாட்டேன் என்றேன். மருந்து அடிக்காத காய் அப்பாவுக்கு வேண்டும். அதற்காகத்தானே இத்தனையும்.

அந்த இடத்தில்தான் நான் தப்பாகப் புரிந்துகொண்டிருந்தேன்.

அப்பாவுக்கு நோய் வந்த புதிதில் அத்தை, அப்பாவின் அக்கா, வந்து தங்கியிருந்தாள். இப்போதெல்லாம் காய்கறி என்று விற்பது காயே இல்லை, மருந்தைத்தான் தோல் போட்டு விற்கிறான், அதுதான் மனுஷன் கிட்னியைத் தின்கிறது என்று நாளெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். அதே வாரத்தில்தான் அம்மா காய்களை நறுக்கி வெந்நீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் வேகவைத்து, அதையும் வடிக்க ஆரம்பித்தாள். நான் பள்ளிக்கூடத்துக்கும் வீட்டுக்கும் ஓடிக்கொண்டிருந்தேன். யாரும் என்னை உட்காரவைத்து ஏன் என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மருந்து போகத்தான் வடிக்கிறார்கள் என்று நானாக முடிவு செய்துகொண்டேன். அதில் சந்தேகப்பட எதுவும் இருந்ததாகவே எனக்குத் தோன்றவில்லை. வடித்த தண்ணீரை அம்மா தொட்டியில் கொட்டுவதைப் பார்த்து, ஆறவைத்துச் செடிக்கு ஊற்ற ஆரம்பித்ததுகூட நான்தான். அதற்கப்புறம் செடிகள் எழுந்த எழுச்சியைச் சொல்லி முடியாது. தக்காளி இலை கையளவு ஆனது, கீரை கறுத்த பச்சையில் தளதளவென்று நின்றது. மருந்துத் தண்ணீரை நீ எப்படிச் செடிக்கு ஊற்றினாய் என்று நீங்கள் கேட்கலாம். அது எனக்குத் தோன்றவே இல்லை. இப்போது எனக்கு நானே தினமும் கேட்டுக்கொள்கிறேன்.

முதல் அறுப்புக் கீரையை அம்மாதான் சமைத்தாள். வழக்கம்போல ஊறவைத்து, வேகவைத்து, வடித்து, பிழிந்து. தட்டில் வந்தபோது அது என் கீரையாகவே இல்லை. துவைத்துப் பிழிந்த துணி மாதிரி ஒரு உருண்டை. அப்பா ஒரு வாய் வைத்தார், மென்றார், “நல்லா வளத்திருக்க” என்றார். வளர்த்ததைப் பற்றித்தான் சொன்னார். மீதியைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கிவிட்டுத் தண்ணீர் பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் எவ்வளவு மிச்சம் என்று பார்த்தார். அத்தனை மாதம் பட்ட பாடு அந்தத் தட்டோரத்தில் கிடந்தது. எனக்கு அப்பா மேல் கோபமில்லை. பிழிந்த அம்மா மேல்தான் கோபம்.

அம்மா விடியும் முன் ஷிஃப்டுக்குப் போவாள், விளக்கு வைத்த பிறகுதான் வருவாள். விடுமுறை ஆரம்பித்ததிலிருந்து மதியம் அப்பாவுக்குத் தட்டு வைப்பது என் வேலை. அம்மா செய்து மூடிவைத்ததைச் சூடு பண்ணிக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். ஒருநாள் நான் மாடியிலிருந்து ஒரு பிடி கீரை அறுத்து வந்து, கழுவி, இரண்டு தக்காளியை அரிந்து போட்டு, கொஞ்சம் எண்ணெயில் அப்படியே வதக்கினேன். நம் வீட்டுக் கீரை, ஒரு சொட்டு மருந்து படாதது, இதை எதற்கு வடிக்க வேண்டும். வாசனை வந்ததும் அப்பா படுக்கையிலிருந்து தானாக எழுந்து வந்தார். தட்டில் போட்டேன். கையை வைத்தவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“வடிச்சியா?”

“ம்,” என்றேன்.

ஏன் பொய் சொன்னேன்? தப்பென்று எனக்குத் தெரியாதே அப்போது. வடிக்கவில்லை, ஏனென்றால் இதில் மருந்தில்லை என்று சொல்லியிருந்தால், அப்பா அப்போதே, அதற்கு வடிப்பதில்லை பாப்பா என்று சொல்லியிருப்பார், எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் அப்படிச் சொன்னால் அம்மாவைக் கேட்போம் என்பார், அம்மா மறுபடி பிழிவாள் என்று தோன்றியது. அந்த ஒரு ‘ம்’முக்கு வேறு காரணம் இல்லை. அப்பா சாப்பிட்டார். பாதியில் கண்ணை மூடிக்கொண்டார். தட்டை வழித்துச் சாப்பிட்டதை எத்தனை காலத்துக்கு அப்புறம் பார்க்கிறேன். இன்னும் கொஞ்சம் இருக்கா என்றார். இருந்தது.

அதன் பிறகு டயாலிசிஸ் இல்லாத நாள்களில் மதியம் எங்களுக்குள் ஒரு ரகசியம் மாதிரி ஆகிவிட்டது. தினமும் இல்லை, கீரை மறுபடி துளிர்க்கிற அளவுக்கு. நல்ல அரிவாளால் அடியில் இரண்டு விரல்கடை விட்டு அறுத்தால் திரும்பத் துளிர்க்கும் என்பதையும் அதற்குள் கற்றிருந்தேன். அம்மா வைத்துவிட்டுப் போனதைக் கேன் மண்ணில் புதைத்துவிடுவேன், அதுவும் உரம்தானே. அப்பா பழைய கேன்டீன் கதைகளைச் சொல்ல ஆரம்பித்தார். ஸ்ட்ரைக் நாளில் யாரும் சாப்பிட வராமல் மொத்தச் சமையலையும் தானே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது, மேனேஜருக்கு வேண்டுமென்றே காரம் கூட்டிப் போட்டது. நோய் வந்த பிறகு அவர் சாப்பாட்டைப் பற்றிப் பேசியதே இல்லை.

போன வாரம் இன்னும் இரண்டு கேன் வேண்டுமென்று டெக்னீசியன் அண்ணனிடம் போனேன். இத்தனை கேனில் என்னதான் வளர்க்கிறாய் என்றார். பெருமையாகச் சொன்னேன். கீரை, தக்காளி, எதிலும் மருந்தே இல்லை, அப்பாவுக்காக என்றேன். அவர் குழாயைச் சுற்றிக்கொண்டிருந்த கையை நிறுத்தினார்.

“மருந்துக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? கீரைக்குள்ளயே இருக்கு பொட்டாசியம், தங்கச்சி. மண்ணுல இருந்து அது உறிஞ்சி வச்சிருக்கு. கடையில வாங்கினா என்ன, நீ வளர்த்தா என்ன. மாஸ்டருக்கு அது வெளிய போகாம தேங்கி இதயத்தை நிறுத்திடும். வடிச்சுத்தானே குடுக்கறீங்க?”

“ம்,” என்றேன் மறுபடியும்.

அந்தக் கேன்களை வாங்காமலே வந்தேன். அம்மா காயிலிருந்து வேகவைத்து வேகவைத்து வெளியே எடுத்ததை நான் ஏந்தி, செடிக்கு ஊற்றி, செடி வழியாகத் திருப்பிக் கொண்டுவந்து அப்பா தட்டிலேயே வைத்திருக்கிறேன். அப்படியா நடக்கும், இல்லையா, எனக்குத் தெரியாது. ஆனால் அப்படித்தான் தோன்றியது. இனிமேல் கிடையாது என்று முடிவு செய்தேன். யாரிடமும் சொல்ல வேண்டாம், இத்தனை நாள் ஒன்றும் ஆகவில்லை, நிறுத்திவிட்டால் போதும் என்றும் முடிவு செய்தேன்.

இதோடு முடிந்திருந்தால் நான் தெரியாமல் செய்த பிள்ளை. ஆனால் அன்றைக்கு, அதாவது அப்பாவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனதற்கு முந்தின நாள், மதியம் அம்மாவின் சுரைக்காயைச் சூடு பண்ணி வைத்தேன். அப்பா தட்டைப் பார்த்தார். கிண்ணத்தை மூடினார். இரண்டு நாளாக இப்படித்தான், இரண்டு வாயோடு எழுந்துவிட்டார்.

“ஆபீசர் லீவா?” என்றார். சிரிக்க முயற்சி பண்ணினார். “வேணாம், விடு. பசியில்ல.” பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு, “ஒரு நாளைக்கு ஒரு வேளைதான் நான் மனுஷன் மாதிரி சாப்பிட்டேன்,” என்றார்.

நாளைக்கு டயாலிசிஸ் நாள். மெஷினில் எல்லாம் கழுவிப் போய்விடும். ஒரே ஒரு தடவை. நான் மாடிக்குப் போய் அரிவாளை எடுத்தேன். தெரிந்துதான் எடுத்தேன். அதைத்தான் என்னால் எங்கேயும் இறக்கிவைக்க முடியவில்லை. அவர் அன்றைக்கும் கேட்டார், வடித்தாயா என்று. நான் அன்றைக்கும் அதே பதிலைச் சொன்னேன்.

சாயங்காலம் டெக்னீசியன் அண்ணன் போன் பண்ணினார். தண்ணீர் சுத்திகரிக்கிற ப்ளான்ட் ரிப்பேர், நாளைக்கு வர வேண்டாம், நாளன்றைக்குக் காலையில் முதல் ஆளாகப் போட்டுவிடுகிறேன், அதுவரை தண்ணியும் சாப்பாடும் ஜாக்கிரதை என்றார். போனை எடுத்தது நான். சரிண்ணே என்று வைத்துவிட்டேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். அண்ணே, இன்றைக்கு அப்பா கீரை சாப்பிட்டார் என்று. வேறு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போகச் சொல்லியிருப்பார். ராத்திரி அம்மா வந்து ஆரஞ்சு உரித்தபோதும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மறுநாள் காலை நான் தக்காளியில் கிள்ளிக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து அப்பா கூப்பிட்டார். சத்தம் போட்டுக்கூட இல்லை, குடிக்கத் தண்ணீர் கேட்கிற மாதிரி. “பாப்பா, கால் வரல.” கட்டிலில் உட்கார்ந்து காலையே பார்த்துக்கொண்டிருந்தார், அது வேறு யாருடையதோ மாதிரி. தையல்காரரும் அவர் கடைப் பையன்களும் நாற்காலியோடு தூக்கித்தான் படி இறக்கினார்கள்.

உயிருக்கு வந்த ஆபத்து போய்விட்டது என்கிறார்கள். அவசரமாக டயாலிசிஸ் போட்டார்கள், கோடு மறுபடி குத்துக்குத்தாக வர ஆரம்பித்தது. ஆனால் இதயம் அடி வாங்கியிருக்கிறது, இன்னொரு தடவை இப்படி ஆனால் நாங்கள் பொறுப்பில்லை என்று டாக்டரம்மா அம்மாவிடம்தான் சொன்னார். அம்மா தலையை ஆட்டினாள். அத்தை போனில் கத்தியது ஸ்பீக்கர் போடாமலே எனக்குக் கேட்டது. “எந்தம்பிக்கு நீ பார்த்துப் பார்த்துப் போட்டது இதுதானா? ஆரஞ்சை உரிக்கும்போது கை கூசலையா உனக்கு?” அம்மா, சரி அண்ணி, தப்புதான் அண்ணி என்று கேட்டுக்கொண்டாள். நான் பக்கத்தில் நின்று அவள் பையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

நேற்று ஒருவர் ஒருவராக உள்ளே விட்டார்கள். அப்பா இளைத்து, கட்டிலுக்குப் பெரியதாக ஒரு போர்வை மட்டும் கிடக்கிற மாதிரி இருந்தார். என்ன சாப்பிட்டீர்கள் என்று டாக்டர் கேட்டதற்கு ஞாபகமில்லை என்று சொல்லிவிட்டாராம். பத்து வருஷத்துக்கு முன்னால் யார் கல்யாணத்தில் எதில் உப்புக் கூடியது என்று சொல்லுகிற ஆள். நான் அவர் காதுப்பக்கம் குனிந்தேன். அழக்கூடாது என்று நினைத்தேன், முடியவில்லை.

“அப்பா, நான் வடிக்கல. ஒரு நாளும் வடிக்கல.”

அவர் கண்ணைத் திறக்கவில்லை.

“தெரியும் பாப்பா. நான் மாஸ்டர். வடிச்ச கீரைக்கு வாசனை ஏது.”

“தெரிஞ்சு ஏம்ப்பா சாப்பிட்டீங்க?”

தூங்கிவிட்டார் என்றுகூட நினைத்தேன். பிறகு, “நல்லா இருந்துச்சு,” என்றார். அதற்குள் நர்ஸ் நேரமாகிவிட்டது என்று என் தோளைத் தொட்டாள்.

அந்த இரண்டு வார்த்தையைத்தான் நேற்றிலிருந்து உருட்டிக்கொண்டிருக்கிறேன். ருசியைச் சொன்னாரா. நான் எதிரே உட்கார்ந்து கதை கேட்டதைச் சொன்னாரா. இல்லை, போதும் என்று அவர் எப்போதோ முடிவு செய்து, என் கையால் ஆகட்டும் என்று இருந்துவிட்டாரா. அம்மாவிடம் உண்மையைச் சொல்ல நான் எத்தனையோ தடவை வாயைத் திறந்துவிட்டேன். என் தப்பைச் சொன்னால் அப்பாவுக்குத் தெரியும் என்பதையும் சொல்ல வேண்டும். தினம் கால் கடுக்க நின்று பெட்டி ஒட்டி, வந்து ராத்திரியெல்லாம் ஊறவைத்து வடித்தவளிடம், அவர் தெரிந்தேதான் சாப்பிட்டார் என்று எப்படிச் சொல்வது. சொல்லாவிட்டால் மூன்று சுளை ஆரஞ்சை அவள் சாகும்வரை சுமப்பாள். நாளைக்குக் கம்பெனியில் வேலையை விடுவதாகச் சொல்லிவிட்டு வரப்போகிறாள். இனிமேல் வீட்டிலிருந்து மூன்று வேளையும் தானே பார்த்துப் போடப்போகிறாளாம். சூப்பர்வைசர் பதவிக்கு அவள் பெயர் போயிருக்கிறது என்று போன மாதம்தான் சொன்னாள், அப்பாவிடம்கூட இன்னும் சொல்லவில்லை என்று என்னிடம் மட்டும் ரகசியமாக.

இன்று சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும் நான் மாடிக்குப் போனேன். எல்லாவற்றையும் வேரோடு பிடுங்கிப் போட்டுவிடலாம் என்று. தக்காளி பழுத்துத் தொங்கியது. தண்ணீர் காணாமல் கத்தரி தலை தொங்கிக் கிடந்தது. கத்தரியின் தண்டைப் பிடித்தும்விட்டேன். பின்னால் அம்மா வந்து நின்றாள், கையில் மக்கும் வாளியும். செடி வைத்த இத்தனை மாதத்தில் அவள் வெளிச்சத்தில் அந்தப் பக்கம் வந்ததே இல்லை.

“அது என்ன பாவம் பண்ணுச்சு, வாட விட்டிருக்க. அவரு வந்தா முதல்ல இதத்தான் பார்ப்பாரு,” என்றாள்.

ஒவ்வொரு கேனாக ஊற்றிக்கொண்டு வந்தாள். எவ்வளவு ஊற்றுவது என்று தெரியாமல் ஓட்டை வழியாக ஒழுகும்வரை ஊற்றினாள். ஊற்றுகிற சத்தத்தில் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது போல, தோள் இறங்கியது. மிளகாயைப் பார்த்து, சுருண்டிருக்கே என்றாள். தக்காளியைப் பார்த்து, நல்லாத்தான் காய்ச்சிருக்கு என்றாள். கடைசியில் கீரைக் கேன்களுக்கு வந்தாள். நான்கு கேன்கள். நான்கிலும் மொட்டை மொட்டையாக அடித்தண்டுகள்தான், நடுநடுவே பொடித் துளிர்கள். மக்கைக் கீழே வைத்தாள்.

“முன்ன புதராட்டம் நின்னுதே. இவ்வளவு கீரையும் எங்கடி போச்சு?”

எனக்கு வாயிலிருந்து அதுவாகத்தான் வந்தது.

“பூச்சிம்மா. பூச்சி தின்னுடுச்சு.”

அம்மா குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். கட்டை விரலை ஒரு தண்டின் தலையில் வைத்துத் தடவினாள். பிறகு அடுத்தது. பிறகு அதற்கடுத்தது. எல்லாம் ஒரே உயரத்தில் இருந்தன, அடியில் இரண்டு விரல்கடை விட்டு. வாளித் தண்ணீரில் வானம் அசைந்துகொண்டிருந்தது. அவள் என் பக்கம் திரும்பாமல், கோபமே இல்லாத குரலில், நிஜமாகவே தெரியாததைக் கேட்பது மாதிரி கேட்டாள்:

“பூச்சி இவ்வளவு நேராவா வெட்டும்?”